கம்பி போகும் வழி யாருக்குத் தெரியும்?

சங்கரன்கோவிலில் மாலை ஏழு மணிக்கு இணையம் நின்றுபோனால், கேபிள் நடத்துபவரின் கைப்பேசி அடுத்த அரை மணி நேரத்துக்கு ஓயாது. "அண்ணாச்சி, பெட்டியில ரெட் லைட் எரியுது." "அண்ணாச்சி, எங்க தெருவே படுத்துட்டு." எல்லோரிடமும் அவர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "பக்கத்து வீட்ல வருதா?" வருகிறது என்றால் அந்த ஒரு வீட்டுக்கு இறங்கும் இழையில் கோளாறு. வரவில்லை என்றால் தெருமுனைக் கம்பத்தில். அடுத்த தெருவிலும் இல்லை என்றால் இன்னும் மேலே எங்கோ. அழைத்தவர்களின் வீடுகளை மனதுக்குள் வரிசைப்படுத்தி, அந்த இழைகள் எல்லாம் எந்தக் கம்பத்தில் ஒன்றுசேர்கின்றன என்று பார்த்து, ஏணியோடு ஆளை அங்கே அனுப்புகிறார். வந்த புகார் நாற்பது என்றாலும் பழுது ஒன்றுதான்.

அவர் தலைக்குள் வைத்திருக்கும் அந்தப் படத்தைத்தான் வலையமைப்பு மேலாண்மை மென்பொருள்கள் கணினித் திரையில் வரைகின்றன. துறைக்காரர்கள் டோபாலஜி மேப் என்பார்கள். இணைப்புப் படம் என்று வைத்துக்கொள்வோம். சில நூறு வீடுகள் வரை மனக்கணக்கு போதும். ஆயிரக்கணக்கில் வீடுகளும் கடைகளும் பள்ளிகளும் சேர்ந்த பிறகு போதாது. இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அந்தப் படம் ஒரே ஒருவருடைய தலையில் இருக்கிறது. அவர் வெளியூருக்குப் போன நாளில், எந்த இழை எந்தக் கம்பத்தில் பிரிகிறது என்று சொல்ல ஊரில் ஆள் கிடையாது.

இணைப்புப் படத்தில் தூரமும் திசையும் முக்கியமில்லை. எது எதனோடு சேர்ந்திருக்கிறது என்பது மட்டுமே முக்கியம். லியோனார்டு ஆய்லர் 1736-இல் கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் ஏழு பாலங்களைப் பற்றி எழுதியபோது செய்தது இதுதான். ஆற்றின் அகலம், பாலத்தின் நீளம் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, நிலப்பகுதிகளைப் புள்ளிகளாகவும் பாலங்களைக் கோடுகளாகவும் எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒருமுறை கடந்து ஊரைச் சுற்றிவர முடியாது என்பது நிரூபணமாகிவிடுகிறது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் 1969 டிசம்பரில் இருந்தவை நான்கே நான்கு புள்ளிகள். கையால் ஒரு தாளில் வரைந்த படமே அதற்குப் போதுமானதாக இருந்தது.

புள்ளிகள் ஆயிரமானபோது, கருவிகளிடமே கேட்டுப் படம் வரையும் முறை தேவைப்பட்டது. 1988-இல் ஜெஃப்ரி கேஸ், மார்க் ஃபெடோர், மார்ட்டின் ஷாஃப்ஸ்டால், ஜேம்ஸ் டேவின் ஆகிய நால்வர் அதற்கான பொது நெறிமுறையை வெளியிட்டார்கள். எஸ்.என்.எம்.பி. என்று அதற்குப் பெயர். இன்றும் உலகம் முழுவதும் அதுவே புழக்கத்தில் இருக்கிறது. சுவிட்ச், ரவுட்டர் போன்ற ஒவ்வொரு கருவியும் தன்னைப் பற்றிய விவரங்களை எண்ணிட்ட பட்டியலாக வைத்திருக்கும். மென்பொருள் எண்ணைச் சொல்லிக் கேட்டால் கருவி விடையை அனுப்பும். 1.3.6.1.2.1.1.5 என்று கேட்டால் தன் பெயரைச் சொல்லும். கடைசி எண்ணை 6 என்று மாற்றிக் கேட்டால், தான் இருக்கும் இடத்தைச் சொல்லும். இந்த எண்வரிசையின் தொடக்கத்தில் வரும் 6, அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கப்பட்டது. இணையம் அந்தத் துறையின் கீழ் பிறந்ததால், சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில் ஒரு கடை மாடியில் இருக்கும் சுவிட்சின் பெயரைக் கேட்பதற்கும் அந்த எண்ணைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

இந்த நெறிமுறைக்கும் சங்கரன்கோவில் இருக்கும் தென்காசி மாவட்டத்துக்கும் ஓர் உறவு உண்டு. இன்று ஸோஹோ என்று அறியப்படும் நிறுவனம் 1996-இல் தொடங்கியபோது செய்துவந்தது மின்னஞ்சலும் அல்ல, கணக்கு மென்பொருளும் அல்ல. அட்வென்ட்நெட் என்ற பெயரில், எஸ்.என்.எம்.பி. வழியாகக் கருவிகளை மேலாண்மை செய்வதற்கான மென்பொருள் கூறுகளைத்தான் அது எழுதி விற்றது. தொலைத்தொடர்புக் கருவி செய்யும் நிறுவனங்கள் அதை வாங்கின. 2000-ஐ ஒட்டி அந்தச் சந்தை சரிந்தபோது, நிறுவனங்களின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுகள் நேரடியாக வாங்கக்கூடிய மேனேஜ்எஞ்சின் என்ற வரிசையைத் தொடங்கினார்கள். அதில் ஓப்மேனேஜர் என்ற மென்பொருள், வலையில் உள்ள கருவிகளைத் தானே கண்டுபிடித்து இணைப்புப் படம் வரைகிறது. நிறுவனத்தின் பெயர் 2009-இல் ஸோஹோ ஆனது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அதன் அலுவலகம் 2011 முதல் இயங்குகிறது. வலையமைப்பு மேலாண்மை என்ற துறை சென்னையிலோ பெங்களூரிலோ யாரோ செய்யும் வேலை என்று நம் மாவட்டத்துப் பிள்ளைகள் நினைக்க வேண்டியதே இல்லை.

படம் எப்படி உருவாகிறது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

பொதுவாக ஒரு கருவிக்கு வலை முழுவதும் தெரியாது. தன்னோடு நேரடியாகக் கம்பியில் இணைந்த அண்டைக் கருவியை மட்டுமே தெரியும். 2005-இல் தரப்படுத்தப்பட்ட எல்.எல்.டி.பி. என்ற நெறிமுறைப்படி, ஒவ்வொரு கருவியும் வழக்கமாக 30 விநாடிக்கு ஒருமுறை தன் ஒவ்வொரு போர்ட் வழியாகவும் ஒரு சிறு செய்தியை வெளியிடும்: நான் இன்னார், இது என் 24-ஆம் போர்ட். மறுமுனையில் இருக்கும் கருவி அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். வேறு யாருக்கும் கடத்தாது. 120 விநாடி வரை புதுச் செய்தி வராவிட்டால் குறிப்பை அழித்துவிடும். ஊருக்குப் புதிதாக வந்தவர் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பக்கத்து வீடு யாருடையது என்று கேட்டு, அடுத்து அந்த வீட்டுக்குப் போய் அதே கேள்வியைக் கேட்டு, கடைசியில் தெரு முழுவதையும் தெரிந்துகொள்வது போல, மென்பொருள் ஒரு கருவியில் தொடங்குகிறது. அதன் அண்டைக் கருவிகளின் பட்டியலை வாங்கி, அவை ஒவ்வொன்றிடமும் கேட்டுக் கேட்டு முன்னேறுகிறது. 'அ'வின் 24-ஆம் போர்ட்டில் 'ஆ' இருக்கிறது என்று 'அ' சொல்லி, 'ஆ'வின் 1-ஆம் போர்ட்டில் 'அ' இருக்கிறது என்று 'ஆ'வும் சொன்னால் ஒரு கோடு உறுதியாகிறது.

எல்லாக் கருவியும் பேசுவதில்லை. கடையில் எண்ணூறு ரூபாய்க்கு வாங்கி மேசைக்கு அடியில் செருகும் எட்டு போர்ட் சுவிட்சுக்கு எஸ்.என்.எம்.பி.யும் தெரியாது, எல்.எல்.டி.பி.யும் தெரியாது. மென்பொருளின் கண்ணுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆனாலும் துப்பறிய வழி உண்டு. ஒவ்வொரு சுவிட்சும் எந்த போர்ட் வழியாக எந்தக் கணினியின் அடையாள எண்ணான மேக் முகவரி வந்தது என்று ஓர் அட்டவணை வைத்திருக்கும். ஐந்து நிமிடம் பேச்சுமூச்சில்லாத முகவரியை வழக்கமாக அதிலிருந்து நீக்கிவிடும். கணினி ஒன்றே ஒன்று இருக்க வேண்டிய போர்ட்டில் ஆறு முகவரிகள் தென்பட்டால், நடுவில் யாரோ ஒரு சுவிட்சைச் செருகியிருக்கிறார்கள் என்பது தெளிவு. இப்படி அட்டவணைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மறைந்திருக்கும் இணைப்புகளைக் கணிக்கும் முறைகளைப் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் 2000-இல் வெளியிட்டார்கள். பல மென்பொருள்கள் அப்படிக் கணித்த இடத்தில் பெயரில்லாத ஒரு பொம்மையை வரைந்து காட்டும். அது சாட்சி சொன்ன இணைப்பு அல்ல, ஊகித்த இணைப்பு. படத்தைப் பார்ப்பவர் இந்த வேறுபாட்டை மனதில் வைத்திருக்க வேண்டும்.

நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு போயிருக்கும் ஃபைபர் இணைப்பில் இந்தச் சிக்கல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கேபிள் அலுவலகத்தில் ஓ.எல்.டி. என்ற பெட்டி இருக்கிறது. அதன் ஒரு போர்ட்டிலிருந்து ஒற்றைக் கண்ணாடி இழை புறப்பட்டுத் தெருவுக்குப் போகிறது. கம்பத்தில் தொங்கும் பெட்டிக்குள் ஸ்பிளிட்டர் அந்த ஒளியை எட்டாகவோ பதினாறாகவோ பிரிக்கிறது. ஒவ்வொரு கிளையும் ஒரு வீட்டின் ஓ.என்.யு. பெட்டியில் முடிகிறது. ஸ்பிளிட்டருக்கு மின்சாரம் வேண்டாம். அது வெறும் கண்ணாடி. அதனால் மழையிலும் வெயிலிலும் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்கிறது. அதே காரணத்தால் அதனிடம் எந்தக் கேள்வியும் கேட்க முடியாது. எந்த மென்பொருளாலும் ஸ்பிளிட்டரைத் தானாகக் கண்டுபிடித்து வரைய முடியாது. எந்தக் கம்பம், எந்தப் பெட்டி, எத்தனையாவது கிளை என்பதை ஆள்தான் எழுதி வைக்க வேண்டும்.

இருந்தும் ஓ.எல்.டி.க்கு வீடுகளைப் பற்றித் தெரிந்திருப்பது வியப்பூட்டும் அளவுக்கு நிறைய. எல்லா வீட்டு ஓ.என்.யு.க்களும் ஒரே இழையில் பதில் அனுப்புவதால், ஒன்றின் ஒளி மற்றதன் ஒளியோடு மோதாமல் இருக்க அவற்றுக்கு நேரம் ஒதுக்கித் தர வேண்டும். அதற்காக ஒவ்வொரு வீட்டுக்கும் ஒளி போய்த் திரும்ப ஆகும் நேரத்தை ஓ.எல்.டி. அளந்து வைத்திருக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக ஏறத்தாழ 5 மைக்ரோ விநாடி ஆகும். ஆக, ஒவ்வொரு வீடும் எத்தனை மீட்டர் கேபிளுக்கு அப்பால் இருக்கிறது என்பது அந்தப் பெட்டிக்குத் தெரியும். கம்பங்களில் சுருட்டிக் கட்டியிருக்கும் உபரிக் கேபிளும் கணக்கில் சேருவதால் சாலைத் தூரத்தைவிட இது சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

அடுத்து, வந்துசேரும் ஒளியின் அளவு. லைன்மேன்கள் "பவர் எவ்வளவு வருது?" என்று கேட்டுக்கொள்வார்கள். மைனஸ் 21 என்றால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தொட்டால் இணைப்பு விட்டுவிட்டு வரும். மைனஸ் 27 என்பது ஒரு வாட்டின் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. அவ்வளவு மங்கிய ஒளியில்தான் வீட்டில் படம் ஓடுகிறது. ஒரு ஸ்பிளிட்டரின் கீழுள்ள எட்டு வீட்டிலும் பவர் ஒரே நாளில் 3 டெசிபல் இறங்கியிருந்தால், வீட்டு இழைகளில் குறை தேடுவது வீண். ஸ்பிளிட்டருக்கு முன்னால் எங்கோ கேபிள் மடங்கியிருக்கிறது அல்லது இழை ஒட்டிய இடம் கெட்டிருக்கிறது. 3 டெசிபல் என்றால் ஒளி சரிபாதியாகிவிட்டது என்று பொருள்.

மூன்றாவது செய்தி எல்லாவற்றையும்விட முக்கியமானது. ஓ.என்.யு.வுக்கு வரும் மின்சாரம் அறுந்தால், அதற்குள் இருக்கும் மின்தேக்கியில் சில மில்லி விநாடிகளுக்கு மின்னூட்டம் மிச்சமிருக்கும். அந்த நொடிப்பொழுதுக்குள் அது ஓ.எல்.டி.க்கு ஒரு கடைசிச் செய்தி அனுப்பிவிட்டு அணைகிறது. டையிங் காஸ்ப் என்று அதைச் சொல்வார்கள், இறுதி மூச்சு. மலிவான சில பெட்டிகளில் இந்த வசதி இருப்பதில்லை. இருக்கும் இடத்தில், எட்டு வீடும் இறுதி மூச்சு விட்டு அணைந்திருந்தால் தெருவில் கரண்ட் போயிருக்கிறது என்று அர்த்தம். எட்டு வீடும் ஒரு சொல்கூடச் சொல்லாமல் ஒரே நொடியில் காணாமல் போயிருந்தால் இழை அறுந்திருக்கிறது. மின்தடைக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. இழை அறுந்ததற்கு ஓடியே ஆக வேண்டும். எந்த எட்டு வீடு ஒரே ஸ்பிளிட்டரின் கீழ் இருக்கிறது என்று படத்தில் எழுதியிருந்தால் மட்டுமே மென்பொருளால் இந்தக் கணக்கைப் போட முடியும். கருவிகள் சொல்வதும் ஆள் எழுதி வைப்பதும் சேருமிடத்தில்தான் இணைப்புப் படத்துக்கு உயிர் வருகிறது.

படத்தை வரைவதும் ஒரு கணிதம். 1984-இல் பீட்டர் ஈட்ஸ் ஒரு முறை சொன்னார்: ஒவ்வொரு இணைப்பையும் ஒரு சுருள்வில்லாக எடுத்துக்கொள், இணைப்பில்லாத புள்ளிகள் ஒன்றையொன்று தள்ளட்டும், எல்லாம் ஆடி அடங்கும்வரை கணக்கிடு. நெருங்கிய தொடர்புடையவை பக்கத்தில் வந்து சேரும், மற்றவை விலகும். பார்க்க அழகான முறை. வலையைக் கவனிக்கும் வேலைக்கு இதை அப்படியே நம்புவது தவறு என்பது என் உறுதியான கருத்து. ஒரு கருவி புதிதாகச் சேர்ந்ததும் கணக்கை மறுபடி ஓட்டினால் படமே இடம் மாறிவிடும். நேற்று இடது மேல் மூலையில் இருந்த ஓ.எல்.டி. இன்று வலது கீழ் மூலைக்குப் போய்விட்டால், தினமும் பார்க்கும் கண் தடுமாறும். அவசர வேளையில் அந்தத் தடுமாற்றம் நிமிடங்களைத் தின்னும். தானாக வரைய விட்டு, பிறகு முக்கியக் கருவிகளை இழுத்து ஓரிடத்தில் வைத்துப் பூட்டிவிடுவதே நல்லது. பெரும்பாலான மென்பொருள்களில் அந்த வசதி இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே படத்தில் திணிப்பதும் கூடாது. ஐந்நூறு புள்ளிகள் உள்ள படம் சிக்குப்பிடித்த நூல்கண்டாகத்தான் தெரியும். முதல் படத்தில் அலுவலகமும் முதன்மை வழித்தடங்களும் மட்டும் போதும். சங்கரன்கோவில் நகரம், மேலநீலிதநல்லூர், குருவிகுளம், வாசுதேவநல்லூர் என்று ஒவ்வொன்றும் ஒரு பொம்மை. சொடுக்கினால் உள்ளே விரியட்டும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியச் சிரமப்படும் ஆண்கள் எல்லா ஊரிலும் உண்டு. பழுதான கருவிக்கு நிறத்தோடு ஒரு பெருக்கல் குறியும் இருக்கட்டும்.

படம் சரியாக இருந்தால், புகார்களைக் குறைக்கும் வேலையை மென்பொருளே செய்துவிடும். 1999-இல் அமெரிக்கர் ஈதன் கால்ஸ்டாட் வெளியிட்டு, பின்னர் நாகியோஸ் என்று பெயர் பெற்ற மென்பொருள் இதில் ஒரு நல்ல பழக்கத்தைப் பரப்பியது. ஒவ்வொரு கருவிக்கும் தாய்க் கருவி எது என்று அதில் குறித்துவிட வேண்டும். தாய் விழுந்தால், அதற்குப் பின்னால் இருப்பவை எல்லாம் 'பழுது' என்று கூச்சலிடாமல் 'எட்டவில்லை' என்று மட்டும் பதிவாகும். சிவப்பு ஒன்று, மற்றவை எல்லாம் சாம்பல். எங்கே போக வேண்டும் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

திட்டமிட்ட நிறுத்தத்துக்கும் இடம் உண்டு. தேர் ஓடும் ஊர்களில் தேரோட்டத்தன்று ரத வீதிகளில் மின்சாரத்தை நிறுத்தி, குறுக்கே போகும் கம்பிகளை அவிழ்த்து ஒதுக்குவது வழக்கம். சங்கரன்கோவில் ஆடித் தபசுத் திருவிழாவில் கோமதி அம்மன் தேர் வரும் நாளில், அந்த வீதிகளின் கருவிகள் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை பராமரிப்பில் இருக்கின்றன என்று முன்கூட்டியே மென்பொருளில் பதிந்துவிடலாம். அந்நேரத்தில் எச்சரிக்கை அடிக்காது. தேர் நிலைக்கு வந்து, பதிந்த நேரமும் முடிந்த பிறகு, திரும்ப எழாத கருவிகள் மட்டும் சிவப்பாக நிற்கும். அவிழ்த்த கம்பியைச் சரியாகக் கட்டாத இடம் அதுவே.

கோடுகளின் மேல் தெரியும் வேக எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரு போர்ட் வழியாக எத்தனை பைட் போனது என்று கருவி எண்ணிக்கொண்டே இருக்கும். பழைய முறையில் அந்த எண்ணி 32 பிட் கொண்டது. 4,29,49,67,295 வரை போய்த் திரும்பச் சுழியத்திலிருந்து தொடங்கும். விநாடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தில் ஓடும் இணைப்பில் இந்தச் சுற்று 34 விநாடியில் முடிந்துவிடுகிறது. மென்பொருள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் வந்து பார்க்கிறது என்றால், இடையில் எட்டுச் சுற்று போயிருந்தாலும் அதற்குத் தெரியாது. நிரம்பி வழியும் இணைப்பு படத்தில் காலியாகக் கிடப்பதாகத் தெரியும். 64 பிட் எண்ணியைக் கேட்கும்படி அமைப்பை மாற்றினால் தீர்ந்தது. அதே வேகத்தில் அது சுற்றி முடிக்க நாலாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும்.

இனி, இணைப்புப் படம் சொல்லாமல் விடும் ஒன்றுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

மத்திய அரசு 2011 அக்டோபரில் ஒப்புதல் அளித்து, பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டம், ஒன்றியத் தலைமையிடங்களிலிருந்து கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகிறது. தொடக்கத்தில் போட்ட இணைப்புகளில் பெரும்பாலானவை ஒரே நேர்வரிசையில் முதல் ஊர், இரண்டாம் ஊர், மூன்றாம் ஊர் என்று போயின. முதல் ஊருக்கு முன்னால் ஒரு பொக்லைன் கேபிளைக் கிழித்தால் பின்னால் இருக்கும் எல்லா ஊரும் இருண்டுவிடும். 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற திருத்திய திட்டம் வளைய அமைப்புக்கு மாறுகிறது. ஒரு வழியில் புறப்பட்டு ஊர்களைத் தொட்டு, இன்னொரு வழியில் ஒன்றியத்துக்கே திரும்ப வரும் அமைப்பு அது. ஓரிடத்தில் அறுந்தாலும் தரவு மறுபக்கம் சுற்றிக்கொண்டு வந்துவிடும். தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்திடம் இருக்கிறது. இங்கே கேபிளின் பெரும்பகுதி மின்கம்பங்களின் மேல் போகிறது.

திரையில் வளையம் வளையமாகத் தெரிவதற்குக் கருவிகள் ஒன்றுக்கொன்று அண்டையாக இருந்தாலே போதும். புறப்படும் கேபிளும் திரும்பி வரும் கேபிளும் ஒன்றிய அலுவலகத்தை ஒட்டிய முதல் ஒரு கிலோமீட்டரில் ஒரே கம்பங்களில் தொங்கினால்? அந்தக் கம்ப வரிசையில் ஒரு லாரி மோதினால் இரண்டு கையும் சேர்ந்தே அறும். படத்தில் வளையமாக இருந்தது தரையில் வெறும் கோடாகத்தான் இருந்திருக்கிறது. எல்.எல்.டி.பி.க்கு மின்கம்பம் என்றால் என்ன என்று தெரியாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் தானாக இதைக் கண்டுபிடித்துச் சொல்லாது.

பெரிய வலைகளுக்கே இது நேர்ந்திருக்கிறது. 2001 ஜூலை 18 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹோவர்டு தெருச் சுரங்கத்துக்குள் சரக்கு ரயில் தடம்புரண்டு தீப்பிடித்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல நிறுவனங்களின் ஃபைபர் கேபிள்கள் அந்த ஒரே சுரங்கத்தின் வழியாகப் போயிருந்தன. கிழக்குக் கரைப் பகுதிகளில் இணையம் தடுமாறியது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவுக்கு அருகே கடலடியில் இரண்டு கேபிள்கள் சில மணி நேர இடைவெளியில் சேதமடைந்தன. இரண்டும் இரண்டு வெவ்வேறு அமைப்புகள்; ஒன்றுக்கு மற்றொன்று மாற்று என்று நம்பப்பட்டவை. இந்தியாவிலிருந்து மேற்கே போகும் இணைப்பில் பெரும்பகுதி அன்று போயிற்று.

நம் பக்கத்தில் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. நெல்லை, தூத்துக்குடிப் பகுதிகளில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் சேர்ந்தே போன ஊர்கள் பல. அப்படிப்பட்ட நாளில் திரை முழுவதும் சிவப்பாகிவிடும். எங்கே கேபிள் போனது, எங்கே கரண்ட் மட்டும் போனது, எந்த ஒரு கம்ப வரிசையை நிமிர்த்தினால் அதிக ஊர்கள் எழும் என்ற கேள்விகளுக்கு, கருவிகளின் இணைப்பும் கம்பங்களின் இருப்பிடமும் ஒன்றாகப் பதிந்த படம் இருந்தால்தான் விடை கிடைக்கும்.

மாற்று வழி வேண்டும் என்று பலர் கைப்பேசி சிம் பொருத்திய ரவுட்டர் ஒன்றை வைக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். அந்தக் கைப்பேசிக் கோபுரத்துக்குப் போகும் ஃபைபர் எந்தச் சாலையில் போகிறது என்றும் விசாரித்துக்கொள்ள வேண்டும். மேலாண்மை மென்பொருளுக்கும் இதே விதி. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் நிறுவனத்தின் சேவைகள் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கியபோது, பழுதைச் சரிசெய்ய வேண்டிய உள்ளகக் கருவிகளும் அதே வலையை நம்பியிருந்ததால் சேர்ந்தே முடங்கின. படம் வரையும் கணினிக்குத் தனி வழி ஒன்று இருப்பது அவசியம்.

படத்தைக் கண்டபடி வெளியில் விடவும் கூடாது. ஒரு வலையைத் தாக்க நினைப்பவர் முதலில் தேடுவது அதன் இணைப்புப் படத்தைத்தான். எஸ்.என்.எம்.பி.யின் பழைய பதிப்புகளில் கடவுச்சொல் மறைகுறியாக்கம் இல்லாமல் போகும். பல கருவிகளில் அது 'பப்ளிக்' என்றே தொழிற்சாலையிலிருந்து வருகிறது. அதை மாற்றாமல் விடுவது வாசல் கதவைத் திறந்து போடுவதற்குச் சமம். மூன்றாம் பதிப்பைப் பயன்படுத்துங்கள்.

மென்பொருளுக்குச் செலவாகுமே என்று தயங்க வேண்டியதில்லை. ஸாபிக்ஸ், லிப்ரெஎன்எம்எஸ் போன்றவை இலவசமாகக் கிடைக்கும் திறமூல மென்பொருள்கள். கம்பங்களின் இருப்பிடத்தை நிலப்படத்தில் பதிய க்யூஜிஸ் போதும். கருவி, போர்ட், கேபிள் ஆகியவற்றை ஒழுங்காகப் பதிவேடாக்க நெட்பாக்ஸ் இருக்கிறது. சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் கணினி அறிவியல் படிக்கும் மாணவர்கள், இறுதியாண்டுத் திட்டத்துக்கு எங்கிருந்தோ எடுத்த பழைய தலைப்பைச் செய்வதைவிடத் தங்கள் கல்லூரியின் வலையை இவற்றில் வரைந்து பார்க்கலாம். முதல் நாளிலேயே ஒன்று கண்ணில் படும்: இருப்பிடத்தைச் சொல்ல வேண்டிய, 6 என்று முடியும் அந்த வரிக்குப் பல கருவிகளில் விடை வெற்றிடமாக இருக்கும். யாரும் நிரப்பியிருக்க மாட்டார்கள். ஒரு கருவியைப் பொருத்தும்போது அந்த ஒரு வரியை நிரப்ப ஒரு நிமிடம்கூட ஆகாது.

கேபிள் நடத்துபவர்களுக்கும், ஊராட்சிகளுக்கு ஃபைபர் இழுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மின்கம்பத்தில் எண் எழுதியிருக்கிறது. ஸ்பிளிட்டர் பெட்டியை மாட்டும்போது அந்த எண்ணையும் சேர்த்துப் பதியுங்கள். தேரோட்டத்துக்காகக் கம்பிகளை அவிழ்க்கும் நாளில் ரத வீதிகளின் ஒவ்வொரு கேபிளும் ஒருமுறை உங்கள் கைக்கு வருகிறது. திரும்பக் கட்டும்போது, எங்கிருந்து எங்கே போகிறது என்று இரண்டு முனையிலும் ஒரு லேபிள் கட்டி, அதையே அன்றிரவு மென்பொருளிலும் ஏற்றிவிடுங்கள்.